அப்பாவுக்கு என்டோஸ்கோபி: எந்த மாத்திரையை நிறுத்தலாம், எதை நிறுத்தவே கூடாது?

கேள்வி இது: அப்பாவுக்கு 62 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறார். தினமும் காலையில் ஒரு பான்டோபிரசோல். சில மாதங்களாகச் சாப்பிட்டதும் வயிறு கனக்கிறது, ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினும் குறைந்திருக்கிறது. அடுத்த வாரம் என்டோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய்வழியாக விட்டு இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனை. எவ்வளவு நேரம் வெறும் வயிறு, எந்த மாத்திரையை நிறுத்துவது, மயக்க மருந்து வேண்டுமா, சதைப் பரிசோதனை என்றால் புற்றுநோய் சந்தேகமா?

பெரும்பாலான குடும்பங்கள் பயப்படுவது குழாயை நினைத்து. அந்தப் பகுதி ஐந்து, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பரிசோதனை பயன் தருமா, வீணாகுமா, ஆபத்தாகுமா என்பதெல்லாம் அதற்கு முந்தைய ஒரு வாரத்தில் மாத்திரை டப்பாவிலும் அடுப்படியிலும் முடிவாகிவிடுகிறது. அதனால் மருந்துகளிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகள். "என்டோஸ்கோபி என்றால் ஐந்து நாள் முன்பே ரத்த மாத்திரையை நிறுத்த வேண்டும்" என்று பக்கத்து வீட்டார் முதல் மருந்துக்கடைக்காரர் வரை சொல்வார்கள். உங்கள் அப்பா விஷயத்தில் அது தவறான யோசனை, ஆபத்தான யோசனையும் கூட. வெறுமனே பார்ப்பதும், பார்க்கும்போது சின்னச் சின்னச் சதைத் துணுக்கு எடுப்பதும் ரத்தக்கசிவு வாய்ப்பு குறைந்த வேலைகள். அவற்றுக்கு ஆஸ்பிரினையும் நிறுத்த வேண்டியதில்லை, குளோபிடோக்ரெலையும் நிறுத்த வேண்டியதில்லை. துணுக்கு எடுத்த இடத்தில் சில சொட்டு ரத்தம் கசிந்து தானே நின்றுவிடும். ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டிக்கொண்டால் அது மாரடைப்பு. இரண்டில் எது பெரிய ஆபத்து என்பதில் சந்தேகமே இல்லை.

பெரிய பாலிப்பை (உட்சவ்வில் வளரும் சதைமொட்டு) வெட்டி எடுப்பது, சுருங்கிய உணவுக்குழாயை விரிப்பது, பித்தநாளத்தின் வாயை வெட்டித் திறப்பது போன்றவை வேறு கணக்கு. அவற்றுக்கு குளோபிடோக்ரெலை 5 முதல் 7 நாள் முன்பு நிறுத்தச் சொல்லலாம். அப்போதும் ஆஸ்பிரின் வழக்கமாகத் தொடரும், இதய மருத்துவரின் சம்மதமும் வேண்டும். ஆகவே மருத்துவரிடம் "மாத்திரையை நிறுத்தணுமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "பார்க்க மட்டும் போகிறீர்களா, எதையாவது வெட்டி எடுக்கும் திட்டம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். பதில் அதைப் பொறுத்துத்தான் மாறும்.

இதய வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் அசிட்ரோம், வார்ஃபரின் வகைக்கும் இதே தர்க்கம். வெறும் பார்வைக்கும் துணுக்குக்கும் தொடரலாம், ஆனால் அந்த வாரத்தில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து அது உரிய எல்லைக்குள் இருக்கிறதா என்று உறுதிசெய்வார்கள். அபிக்ஸபான், ரிவரோக்ஸபான், டபிகட்ரான் போன்ற புதிய மாத்திரை என்றால் பரிசோதனை நாளின் காலை வேளையை மட்டும் விடச் சொல்வது வழக்கம். எதையாவது நிறுத்தச் சொன்னால், மறுபடி எந்தத் தேதியில் தொடங்க வேண்டும் என்பதையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். நிறுத்திய மாத்திரையைத் திரும்பத் தொடங்க மறந்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்தத் தவறு பரிசோதனையைவிட ஆபத்தானது.

அடுத்தது பான்டோபிரசோல். இங்கே விஷயம் சற்று நுணுக்கமானது. இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைத் தேடுவது என்டோஸ்கோபியின் முக்கியமான வேலைகளில் ஒன்று. அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், ஓமிபிரசோல், ரபிபிரசோல், ஈசோமிபிரசோல் எல்லாம் அந்தக் கிருமியின் எண்ணிக்கையை அடக்கிவைக்கும். கிருமி இருந்தும் பரிசோதனையில் "இல்லை" என்று வந்துவிடும். அதனால் பொதுவாக இவற்றை 2 வாரமும், ஆன்டிபயாடிக் மற்றும் பிஸ்மத் மருந்துகளை 4 வாரமும் நிறுத்திவிட்டு வரச் சொல்வார்கள். இடையில் நெஞ்செரிச்சல் தாங்காவிட்டால் ஜெலுசில் மாதிரியான திரவ மருந்தை வைத்துச் சமாளிக்கலாம்.

ஆனால் இந்தப் பொது விதியை உங்கள் அப்பாவுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்து இரைப்பையில் புண் உண்டாக்கக்கூடியவை. அதிலிருந்து பாதுகாக்கத்தான் பான்டோபிரசோல் கொடுத்திருக்கிறார்கள். ஹீமோகுளோபின் வேறு குறைந்திருக்கிறது. உள்ளே ஏற்கெனவே ஒரு புண் மெல்லக் கசிந்துகொண்டிருக்கலாம். இந்த நிலையில் 2 வாரம் பாதுகாப்பை எடுத்துவிட்டால் பரிசோதனை நாளுக்கு முன்பே ரத்த வாந்தியுடன் அவசர சிகிச்சைக்கு ஓட நேரலாம். மாத்திரையைத் தொடரட்டும். அதைத் தினமும் சாப்பிடுகிறார் என்பதை மட்டும் மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அவர் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மட்டும் துணுக்கு எடுக்காமல் மேல்பகுதியிலும் எடுப்பார். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் கிருமி மேலே நகர்ந்து ஒளிந்துகொள்வது உண்டு. "கிருமி இல்லை" என்று வந்தாலும் அதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

சர்க்கரை மாத்திரைகளில் ஒரு வகைக்கு மட்டும் முன்கூட்டியே கவனம் தேவை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்று பெயர் "கிளிஃப்ளோசின்" என்று முடிகிறவை. பட்டினி கிடக்கும்போது இவை ரத்தத்தில் கீட்டோன் அமிலத்தைச் சேரவிடலாம். அப்போது சர்க்கரை அளவு கிட்டத்தட்ட சரியாகவே காட்டுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. அறுவை சிகிச்சைகளுக்கு 3 நாள் முன்பே நிறுத்துவது வழக்கம். என்டோஸ்கோபிக்கு, குறிப்பாக மயக்க மருந்தோடு செய்வதானாலோ குடல் சுத்தப்படுத்தும் மருந்து குடிப்பதானாலோ, கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். கலப்பு மாத்திரைகளில் இது ஒளிந்திருக்கும். அட்டையின் பின்பக்கத்தில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள்.

எடை குறையவும் சர்க்கரைக்கும் போடும் செமாகுளுடைடு, டிர்செபடைடு, லிராகுளுடைடு இன்னொரு வகை. இவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. முந்தின நாள் இரவுச் சாப்பாடு மறுநாள் காலையிலும் வயிற்றில் கிடக்கும். வாரம் ஒருமுறை போடும் ஊசியைப் பலர் மருந்தாகவே நினைப்பதில்லை, "மாத்திரை எதுவும் இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். அதைச் சொன்னால் முந்தைய நாள் முழுவதும் திரவ உணவில் இருக்கச் சொல்லலாம், அல்லது தேதியை மாற்றலாம்.

மற்ற சர்க்கரை மாத்திரைகள், அதாவது மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு போன்றவை, அன்று காலை மட்டும் வேண்டாம். சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளலாம். இன்சுலின் போடுபவராக இருந்தால் இரவு அளவையும் காலை அளவையும் எவ்வளவு குறைப்பது என்று எண்ணாகவே எழுதி வாங்குங்கள். "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்ற பதில் போதாது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலையில் முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்குவது நல்லது. காத்திருக்கும்போது வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையை வெறும் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், ஊழியரிடமும் சொல்லிவிடுங்கள். பரிசோதனை ஓரிரு மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். "வெறும் வயிறு கெட்டுவிடும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

ரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு ஆகியவற்றுக்கான மாத்திரைகளையும் இதய மாத்திரைகளையும் காலையில் எழுந்ததும் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிடலாம். பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டு வந்து, பயத்தில் 180, 190 என்று ஏறிப்போய், பரிசோதனையே ரத்தாவது அடிக்கடி நடப்பது. ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரைக் கையோடு கொண்டுவர வேண்டும். செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு வழக்கமான என்டோஸ்கோபிக்காக ஆன்டிபயாடிக் ஊசி தேவையில்லை என்பதே இப்போதைய நடைமுறை.

இனி வெறும் வயிறு. விதி எளிது: திட உணவுக்குப் பிறகு 6 முதல் 8 மணி நேரம், தெளிந்த திரவத்துக்குப் பிறகு 2 மணி நேரம். நம் ஊரில் சிக்கல் எது "தெளிந்த திரவம்" என்பதில்தான். பால் திரவமாகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள் போனதும் திரிந்து கட்டியாகிவிடும். அது உணவுக் கணக்கு. ஆகவே காலைக் காபி, டீ கிடையாது, "அரை டம்ளர்தானே" என்பதும் கிடையாது. மோர், கஞ்சி, ஹார்லிக்ஸ், பழச்சாறு, ரசம் எதுவும் தெளிந்த திரவம் இல்லை. வெறும் தண்ணீர், வழுக்கை இல்லாத இளநீர், பால் சேர்க்காத வரக்காபி போன்றவற்றை 2 மணி நேரம் முன்பு வரை அனுமதிக்கலாம். உங்கள் மருத்துவமனை "இரவு 10 மணிக்கு மேல் எதுவும் வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். பல் துலக்கலாம். வெற்றிலை பாக்கு, புகையிலை, சிகரெட், சூயிங்கம் கூடாது.

முந்தின நாள் இரவு இட்லி, இடியாப்பம், மோர்சாதம் என்று எளிதாக, 8 மணிக்குள் முடிக்கட்டும். பிரியாணி, பரோட்டா, நார் மிகுந்த கீரை வேண்டாம். நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கு இரைப்பையின் அசைவே மந்தமாகிவிடும். அப்பாவுக்குச் சாப்பிட்டதும் கனம் என்கிறீர்கள், அதனால் அவருக்கு முந்தின இரவுச் சாப்பாடு இன்னும் முன்னதாகவும் குறைவாகவும் இருப்பது நல்லது. உணவு மிச்சம் இருந்தால் இரண்டு கெடுதல். அதன் அடியில் இருக்கும் புண் கண்ணில் படாது. அதைவிட மோசம், ஓங்கரிக்கும்போது மேலே வந்து நுரையீரலுக்குள் புரையேறுவது. தொண்டை மரத்தும் பாதி மயக்கத்திலும் இருப்பவருக்கு இருமி வெளியே தள்ளும் தெம்பு இருக்காது. தெரியாமல் எதையாவது சாப்பிட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மயக்க மருந்து வேண்டுமா என்ற கேள்விக்கு: கட்டாயமில்லை. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் தொண்டையை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஸ்ப்ரே அல்லது ஜெல்லி மட்டுமே கொடுத்து, நாள்தோறும் வரிசையாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். வயதாக ஆக ஓங்கரிப்பு குறைவதால் அறுபதைத் தாண்டியவர்கள் இளைஞர்களைவிட நன்றாகவே தாங்குகிறார்கள். மயக்கம் இல்லாமல் செய்தால் அரை மணி நேரத்தில் நடந்தே வெளியே வரலாம், மூச்சு, ரத்த அழுத்தம் பற்றிய கவலையும் குறைவு. சாதாரண என்டோஸ்கோபியில் நேரும் சிக்கல்களில் பெரும்பகுதி குழாயால் வருவதில்லை, மயக்க மருந்து மூச்சையும் இதயத்தையும் மந்தப்படுத்துவதால் வருகிறது.

அவருக்குப் பயம் அதிகம், முன்பு ஒருமுறை தாங்க முடியாமல் குழாயைப் பிடித்து இழுத்தார் என்றால் மயக்க மருந்தே நல்லது. மிடசோலம் கொடுத்தால் அரைத்தூக்கம், நடந்தது பெரும்பாலும் நினைவிருக்காது. புரோபோஃபால் என்றால் ஆழ்ந்த தூக்கம், அதற்கு மயக்க மருத்துவர் உடனிருப்பது முறை. ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: மயக்கம் கொடுத்துக் கவனித்துக்கொள்வது யார், ஆக்சிஜனும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இருக்கிறதா, பரிசோதனைக்குப் பிறகு எவ்வளவு நேரம் கண்காணிப்பில் வைப்பார்கள். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர் என்றால் அதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். மயக்கம் கொடுத்த 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, வீட்டில் தனியாக விடக் கூடாது. கூட ஒரு பெரியவர் வரவில்லை என்றால் பல இடங்களில் மயக்கமே கொடுக்க மாட்டார்கள்.

அன்று என்ன நடக்கும் என்பதை அப்பாவிடம் முன்பே விளக்கிவிடுங்கள். தெரிந்தவருக்கு ஓங்கரிப்பு குறைவாக இருக்கும். பல்செட்டைக் கழற்றிவிட வேண்டும். ஆடும் பல் இருந்தால் சொல்ல வேண்டும். ஸ்ப்ரே கசக்கும். ஓரிரு நிமிடத்தில் தொண்டை வீங்கியது போலவும் எச்சில் விழுங்க முடியாதது போலவும் தோன்றும். அது மருந்து வேலை செய்வதன் அடையாளம், மூச்சு அடைக்கவில்லை. பிறகு இடதுபக்கம் சாய்ந்து, முழங்காலை மடக்கி, தாடையை நெஞ்சுப்பக்கம் தாழ்த்திப் படுக்க வேண்டும். பற்களுக்கு இடையே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்பார்கள்.

குழாய் சுண்டுவிரல் பருமன்தான், ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். கஷ்டமான கட்டம் ஒன்றே ஒன்று: அது நாக்கின் அடியைத் தாண்டி உணவுக்குழாயின் வாயில் நுழையும் சில வினாடிகள். "விழுங்குங்க" என்று சொல்லும்போது ஒருமுறை விழுங்கிவிட்டால் வாசல் திறந்து வழிவிடும். அதன் பிறகு விழுங்கவே கூடாது. எச்சிலைக் கன்னத்தின் வழியாகத் துண்டில் வழியவிட வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, விழுங்க முயன்றால்தான் புரையேறும். மூச்சுக்குழாய் வேறு பாதை, அது திறந்தே இருக்கிறது; மூக்கால் மெதுவாக இழுத்து வாயால் நீளமாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணை இறுக மூடிக்கொண்டால் கவனம் முழுக்கத் தொண்டையிலேயே இருக்கும். திறந்துவைத்துச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்ப்பது உதவும். உள்ளே காற்றைச் செலுத்தி இரைப்பையை விரிப்பதால் ஏப்பம் முட்டும். முடிந்தவரை அடக்கினால் மடிப்புகள் விரிந்தே இருந்து சீக்கிரம் பார்த்து முடிப்பார்கள்.

"இரண்டே நிமிஷத்தில் முடிச்சுடுவார்" என்பதைப் பாராட்டாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல்முறை செய்யும் பரிசோதனைக்குக் குழாய் உள்ளே போனதிலிருந்து வெளியே வரும்வரை 7 நிமிடமாவது பார்க்க வேண்டும், 10 படமாவது எடுக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய என்டோஸ்கோபி சங்கத்தின் அளவுகோல். அவசரத்தில் தவறிப்போவது ஆரம்பநிலைப் புற்றுநோய்தான்.

சதைப் பரிசோதனை என்ற சொல்லைக் கேட்டுக் கலங்க வேண்டாம். கிருமியைத் தேடவும், கோதுமை போன்றவற்றில் உள்ள குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயைப் பார்க்கவும், ரத்தசோகைக்குக் காரணம் அறியவும், புண்ணின் தன்மையை அறியவும் துணுக்கு எடுப்பார்கள். ஒவ்வொன்றும் அரிசிக் குறுநொய் அளவுதான். உட்சவ்வில் வலி உணரும் நரம்பு இல்லாததால் எடுப்பதே தெரியாது. "கிள்ளினால் புற்று பரவும்" என்பது ஆதாரமற்ற பேச்சு. சீலியாக் சந்தேகம் இருந்தால், பரிசோதனைக்கு முன்பே சப்பாத்தியையும் பூரியையும் நிறுத்திவிடக் கூடாது. குடல் தேறிவிட்டால் நோய் துணுக்கில் தெரியாமல் போகும்.

ஹீமோகுளோபின் குறைவுக்கு மேலே காரணம் கிடைக்காவிட்டால் பெருங்குடலையும் பார்ப்பார்கள், சில இடங்களில் இரண்டையும் ஒரே நாளில் வைப்பார்கள். அப்படியானால் தயாரிப்பு வேறு. இரும்புச்சத்து மாத்திரையை 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்த வேண்டும். அது மலத்தைக் கரிய பசையாக்கிக் குடல் சுவரில் அப்பிவிடும். கொய்யா, தக்காளி, கீரை, சிறுதானியம் எல்லாம் இரண்டு மூன்று நாள் முன்பே நிற்க வேண்டும். பேதிக்கான பொடிக் கரைசலை ஒரே மூச்சில் முந்தின இரவே குடித்துவிடாமல், பாதியை மாலையிலும் மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் குடித்தால்தான் குடல் நன்றாகச் சுத்தமாகும். கடைசியாகப் போவது சிறுநீர் போல மஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் மருத்துவமனைக்குப் போனதும் செவிலியரிடம் சொல்லுங்கள்.

முடிந்த பிறகு தொண்டை மரப்பு அரை மணி முதல் ஒரு மணி நேரம் இருக்கும். அதுவரை ஒரு சொட்டும் வேண்டாம். பிறகு முதலில் ஒரு மடக்குத் தண்ணீர். இருமல் வராவிட்டால் ஆறிய கஞ்சி, இட்லி. பசியில் சுடச்சுடக் காபி குடித்தால், சுடுவது தெரியாமலே தொண்டை வெந்துவிடும். ஓரிரு நாள் தொண்டை கரகரப்பு, வயிற்று உப்புசம் சகஜம். வெறுமனே பார்க்கும் பரிசோதனையில் உணவுக்குழாயோ இரைப்பையோ ஓட்டையாவது சில ஆயிரம் பேரில் ஒருவருக்கு நேரக்கூடியது. ஆனால் நேர்ந்தால் தாமதம் கூடாது. கூடிக்கொண்டே போகும் நெஞ்சுவலி அல்லது வயிற்றுவலி, கழுத்தில் வீக்கம், காய்ச்சல், மூச்சுத்திணறல், ரத்த வாந்தி, தார் போன்ற கருப்பு மலம் இவற்றில் எது வந்தாலும் இரவு எத்தனை மணியானாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

அறிக்கையைக் கையில் வாங்கியதும் கூகுளில் தேடத் தோன்றும். "லேசான ஆன்ட்ரல் காஸ்ட்ரைட்டிஸ்" (இரைப்பையின் கீழ்ப்பகுதியில் லேசான அழற்சி), "லாக்ஸ் எல்.இ.எஸ்." (உணவுக்குழாயின் அடிவாசல் தளர்வு) என்ற இரண்டும் நம் ஊர் அறிக்கைகளில் அளவுக்கு அதிகமாகத் தென்படுபவை. தனியாக அவற்றை வைத்துக் கவலைப்பட ஒன்றுமில்லை. அப்பாவின் ரத்தசோகைக்கு "லேசான காஸ்ட்ரைட்டிஸ்" பதிலும் ஆகாது, தேடலை அத்துடன் நிறுத்தவிடாதீர்கள். துணுக்கின் முடிவு வர ஒரு வாரம் வரை ஆகலாம், அதை வாங்காமல் விட்டால் பரிசோதனை பாதியிலேயே நிற்கிறது. இரைப்பையில் புண் என்று எழுதியிருந்தால், வலி போய்விட்டாலும், ஏறக்குறைய 8 வாரத்தில் மறுபடி ஒரு என்டோஸ்கோபி செய்து ஆறியதா என்று பார்க்க வேண்டும். ஆறாத புண் புற்றாக இருக்கலாம். முன்சிறுகுடல் புண்ணுக்கு வழக்கமாக இது தேவைப்படாது. கிருமி இருப்பதாக வந்தால் மருந்துகளை முழுதாக முடித்து, 4 வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ அது ஒழிந்ததை உறுதிசெய்ய வேண்டும். அதற்காகவும் பான்டோபிரசோலை 2 வாரம் நிறுத்தச் சொல்வார்கள். ஆஸ்பிரினோடு இருப்பவர் என்பதால், அந்த 2 வாரத்துக்கு அதற்குப் பதிலாக அமிலத்தைக் குறைக்கும் வேறு வகை மாத்திரையான ஃபமோடிடின் கொடுக்கலாமா என்று அப்போது கேட்டுக்கொள்ளுங்கள்.